அருள்மொழியின் மணிக்கட்டு

மாத்திரையை நிறுத்தி அன்றைக்கு ஒன்பதாவது நாள். நான்தான் எண்ணிக்கொண்டு வந்தேன். அந்த வீட்டில் வேறு யாரும் எண்ணவில்லை.

என் பேத்தி அனுப்பிரியாவுக்குப் பதினேழு வயது. பன்னிரண்டாவது படிக்கிறாள். பதிமூன்று வயதில் ஒருநாள் பள்ளிக்கூட பிரேயரில் நின்றவள் அப்படியே விழுந்தாள். வலிப்பு. அன்றிலிருந்து காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை. மாத்திரை போட்ட இத்தனை வருஷத்தில் ஒரே ஒருமுறைதான் வந்தது, அதுவும் காய்ச்சலில். டாக்டர் எங்களை உட்காரவைத்து இரண்டு விஷயம் சொன்னார். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரும், உயிருக்கே ஆபத்து. அது ஒன்று. வருவதற்கு முன்னால் கை வெட்டி வெட்டி இழுக்கும், பிடித்த சாமான் எகிறி விழும், கண்டால் உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். அது ஒன்று. நான் மூன்றாவது வரைக்கும் படித்தவன். எழுதிவைத்துப் பார்க்கிற பழக்கம் இல்லை. கேட்டதை மறப்பதும் இல்லை.

என் மகள் அருள்மொழி எம்.எஸ்சி., பி.எட். அனு படிக்கிற தனியார் பள்ளியிலேயே சயின்ஸ் டீச்சர். மாத்திரையை நிறுத்தியது அவள்தான்.

நிறுத்தச் சொன்னவன் மைண்ட் மாஸ்டர் ஸ்ரீதர் என்று ஒருத்தன். அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால், பரீட்சை பயத்தைப் போக்குகிறேன் என்று அவள் பள்ளிக்கு வந்தானாம். கறுப்புக் கோட்டு, காதோரம் ஒட்டின மைக்கு. பிள்ளைகளைக் கண்மூடச் சொல்லி, தூங்கு தூங்கு என்று சொல்லியே தூங்கவைத்தானாம். ஆப்பிள் என்று சொல்லிப் பச்சை வெங்காயத்தைக் கொடுத்தானாம், சிரித்துக்கொண்டே தின்றார்களாம். அப்புறம் அனுவைப் பார்த்து, “வெள்ளையா ஒண்ண தெனமும் ரெண்டு வேளை முழுங்குற. அதுதான் உன்னக் கட்டிப்போட்டிருக்கு. உன் உடம்புல நோயே இல்ல” என்றானாம். அருள்மொழிக்குப் புல்லரித்துப் போனதாம்.

“முன்னாடியே எதுனா பேப்பர்ல எழுதிக் குடுத்தீங்களா?” என்று கேட்டேன்.

“அது சும்மா ஃபாரம்ப்பா. பேரு, வயசு, உடம்புக்கு இன்னா, மாத்திரை எதுனா சாப்பிடுறாங்களான்னு. அத வாங்கி வச்சது ஒரு பொண்ணு. அவரு கையில யாரும் குடுக்கல.”

“அந்தப் பொண்ணு யாரு?”

“அவரோட அசிஸ்டென்ட்.”

“அப்புறம் இன்னா?”

முறைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் பக்கமும் காரணம் இருந்தது. மாத்திரையால் பிள்ளை தூங்கி வழிந்தாள். முடி கொட்டியது, உடம்பு ஊதியது. நீட் பரீட்சை வேறு. அதற்கும் மேலே ஒன்று, அவள் வாய்விட்டுச் சொல்லாதது: நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்களிடம் என்ன சொல்வது? மருமகன் அன்பரசு மஸ்கட்டில் இருக்கிறான். எதைக் கேட்டாலும் போனில் “உங்க இஷ்டம்” என்பான்.

அந்த ஒன்பதாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்தில் ஸ்ரீதருக்குப் பெரிய நிகழ்ச்சி. குணமான பெண் என்று அனுவை மேடையில் காட்டப் போவதாகப் போன் செய்திருந்தான். அருள்மொழி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். நானும் வருகிறேன் என்றேன்.

“வந்து வம்பு பண்ணக்கூடாது.”

“பாக்கத்தான் வரேன்.”

பொய்தான் சொன்னேன். அவனைப் பத்துப் பேர் முன்னால் தோற்கடித்தால் இவளுக்குப் புத்தி வரும், சாயங்காலமே மாத்திரையை எடுப்பாள் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கடலூரில் பஸ் ஏறினோம். அனு ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிவிட்டாள். ராத்திரி ரெண்டு மணிவரைக்கும் படித்தாளாம். தூக்கம் கெடக்கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் வைத்து நான் அருள்மொழியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

“அவன் கையப் புடிச்சுக்கினு ஒளிச்ச சாமானக் கண்டுபுடிக்கிறான்னு சொன்ன இல்ல? அது எங்க தொழிலும்மா.”

நான் மாட்டுத் தரகன். வடலூர், ஸ்ரீமுஷ்ணம் என்று சந்தை சந்தையாக நாற்பது வருஷம். எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். துண்டைப் போட்டு மூடி, அதற்குள்ளே ஒருத்தன் விரலை ஒருத்தன் பிடித்துத்தான் பேசுவோம். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே எல்லாம் தெரியும். வாய் “கட்டாது, போய்யா” என்று கத்தும், சுண்டுவிரல் நம் பக்கம் சாய்ந்து நிற்கும். மாட்டின் குறையை மறைக்கிறவனையும் கையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மாட்டைச் சுற்றி நடந்தால், புண் இருக்கிற பக்கம் வரும்போது அவன் கை கனக்கும். அவனுக்கே தெரியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். அருள்மொழி கண்டக்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“மனுசன் மனசும் மாடும் ஒண்ணாப்பா? யாருகிட்டயும் போய் இதச் சொல்லாத. சிரிப்பாங்க.”

கீழவீதியைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபம். ஐநூறு பேர் இருக்கும். டாக்டருக்குப் படிக்கிற பையன், வக்கீல், பாங்கி ஆபீசர் என்று எல்லாம் படித்த கூட்டம். என்னைப்போல வேட்டி கட்டினவன் நாலு பேர் இருந்தால் அதிகம். வாசலில் அந்த அசிஸ்டென்ட் பெண் ஃபாரத்தை நீட்டினாள். “எனக்கு எழுதத் தெரியாதும்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

ஸ்ரீதர் வந்தான். நாற்பது வயது இருக்கும், நல்ல முகம். ஒரு காலேஜ் பையனைக் கூப்பிட்டு வாட்ச்சை மண்டபத்தில் எங்காவது ஒளிக்கச் சொன்னான். அதுவரைக்கும் இவன் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் நின்றான். பிறகு கண்ணில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு வந்து, பையன் மணிக்கட்டைப் பிடித்தான். “அந்த இடத்தையே நெனச்சுக்கோ தம்பி” என்றான். அங்கே போனான், இங்கே போனான், நின்றான், திரும்பினான். ஐந்தாவது வரிசையில் குனிந்து ஒரு நாற்காலிக்கு அடியிலிருந்து வாட்ச்சை எடுத்தான். மண்டபம் அதிர்ந்தது. அருள்மொழி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் பார்த்தது வேறு. அவன் கட்டைவிரல் பையனின் மணிக்கட்டு நரம்பின்மேல் இருந்தது. பையனின் கைதான் அவனைக் கூட்டிக்கொண்டு போனது.

“அடுத்தது யாரு?” என்றான். நான் எழுந்து நின்றேன். அருள்மொழி வேட்டியைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டுப் போனேன்.

என் சுண்ணாம்பு டப்பாவை, வாசலில் சந்தனம் குங்குமம் வைத்திருந்த தட்டுக்கு அடியில் வைத்தேன். அத்தனை பேரும் பார்த்தார்கள். அவன் அறையிலிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். நல்ல பிடி, அழுத்தமே இல்லை. தரகுக்கு வந்திருந்தால் பெரிய ஆளாக வந்திருப்பான்.

கையைச் சாகவைப்பது என்று எங்களில் சொல்வோம். உள்ளே இருக்கிறதை விரலுக்கு வராமல் நிறுத்திவைப்பது. அது முதல் பாடம். செத்த கைக்குள்ளே ஒரு பொய்யை உயிரோடு விடுவது அடுத்த பாடம். நான் வாசலை மறந்தேன். மூன்றாவது வரிசையில் பெரிய பையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவை மட்டும் நினைத்தேன். அந்தப் பக்கம் போகும்போது கையை இளகவிட்டேன். விலகினால் லேசாகக் கனக்கவைத்தேன். போனான். நேராகப் போனான். அந்த அம்மாளின் பைக்குள் கையை விட்டு வெளியே எடுத்தான்.

டிபன் டப்பா.

“அய்ய, அது எங்க தக்காளி சோறுங்க!” என்றாள் அந்த அம்மாள். மண்டபம் கொல்லென்று சிரித்தது.

அவன் கண்கட்டை அவிழ்த்து என் முகத்தைப் பார்த்தான். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “பெரியவரே, இன்னா தொழில்?” என்று கேட்டான்.

“மாட்டுத் தரகு.”

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் ஒரு நொடி செத்துப்போய்த் திரும்ப வந்தது. மைக்கிலிருந்து கையை எடுத்தான்.

“நண்பர்களே, ஐயா நாப்பது வருஷமா மாட்டையே ஏமாத்தினவராம்!” சிரிப்பு. “இவரு மனசுக்குப் பெரிய பூட்டு போட்டிருக்காரு. பூட்டின வீட்டுக்குள்ள நான் போறதில்ல. அது நாகரிகம் இல்ல. ஐயாவுக்கு ஒரு கைதட்டு!”

எனக்குக் கை தட்டினார்கள். தோற்றவன் நானாகிப் போனேன். சந்தையில் இந்த மாதிரி ஒருத்தனை நான் பார்த்ததே இல்லை.

“தொறந்த மனசு எப்படி இருக்கும்னு பாக்கணுமா?” என்றான். அனுவைக் கூப்பிட்டான்.

அது என்னால் வந்தது. அவனைச் சீண்டாமல் விட்டிருந்தால் சும்மா நிற்கவைத்துப் பேசி அனுப்பியிருப்பான். இப்போது கூட்டத்தைத் திரும்பப் பிடிக்க அவனுக்குப் பெரியதாக ஒன்று வேண்டியிருந்தது. அவள் காதில் ஏதோ சொன்னான், கண் மூடினாள். “கட்ட மாதிரி ஆயிடு” என்றான். இரண்டு நாற்காலியை எதிரெதிராகப் போட்டு, கழுத்து ஒன்றிலும் கணுக்கால் ஒன்றிலுமாகக் கிடத்தினான். நடுவில் ஒன்றும் இல்லை. என் பேத்தி பலகைபோலக் கிடந்தாள். மேலே கலர் விளக்கு பளிச் பளிச் என்று வெட்டியது. பாட்டு காதைக் கிழித்தது. “வலிப்புன்னு சொன்னாங்க இந்தப் பொண்ணுக்கு! ஒன்பது நாளா ஒரு மாத்திரை இல்ல! பாருங்க!” என்று கத்தினான்.

எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். நான் கையைப் பார்த்தேன். கை பார்த்தே பிழைத்தவன். வலது கட்டைவிரல் ஒருதரம் துள்ளியது. நின்றது. திரும்பத் துள்ளியது.

“எறக்குடா அவள!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். டி-ஷர்ட் போட்ட இரண்டு பேர் என்னைத் தோளில் அழுத்தி உட்காரவைத்தார்கள். “ஏ பெருசு, ஒக்காரு, மறைக்குது” என்றான் பின்னாலிருந்து ஒருத்தன்.

ஒரு நிமிஷம் இருக்கும். இறக்கினான். கண் திறந்து சிரித்தாள். எனக்கு மூச்சு வந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அருள்மொழி வாயைத் திறந்தாள்.

“கையப் பொய்யா இழுத்தியா இல்லயா? நெசத்தச் சொல்லு.”

“இழுத்தேன்.”

“அப்ப அவரு தோக்கல. நீ ஏமாத்தின.”

அவள் சொன்னது சரி.

பஸ் ஆலப்பாக்கம் ஸ்டாப்பில் நின்றபோது அனு தண்ணீர் குடிக்கப் பாட்டிலை எடுத்தாள். பாட்டில் கையிலிருந்து எகிறிப் போய் முன்சீட்டுக்காரர் முதுகில் விழுந்தது.

“பஸ்ஸு குலுங்குச்சு” என்றாள் அருள்மொழி.

“பஸ்ஸு நிக்கிதுடி.”

அவள் கைக்குட்டையால் மகள் மடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

புதுப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வரும்போது மணி மூன்று. அனு சோபாவில் உட்கார்ந்தாள். தட்டில் சோறு போட்டுக் கொடுத்தாள் அருள்மொழி. முதல் வாய்க்கே ஸ்பூன் பறந்து டிவி பக்கம் விழுந்தது. அனு தன் கையையே பார்த்தாள். அது தன் கை இல்லை என்பதுபோலப் பார்த்தாள்.

“தாத்தா, கை ஒரு மாதிரி இருக்கு.”

“அருளு, மாத்திரய எடு.”

“தூக்கிப் போட்டுட்டேன்.”

“சீட்டக் குடு. கடையில வாங்கியாறேன்.”

“அதையும் கிழிச்சுட்டேன்.”

“சரி, ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு.”

“எதுக்கு? இத்தன நாளு நல்லாதான இருந்தா? நீ அங்க பொய் பண்ணின பாரு, அதுலதான் எல்லாம் கெட்டுச்சு. அவருக்குப் போன் போட்டிருக்கேன். எடுப்பாரு.” ரிங் போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அனுவைக் கேட்டேன். “கண்ணு, நீ வா, நாம போலாம்.”

“அம்மா சொன்னாதான் தாத்தா.”

அதுதான் அந்தப் பிள்ளை. அம்மா சொன்னால் கிணற்றில் குதிக்கும், அம்மா சொல்லாமல் மாத்திரையைத் தொடாது. நானே எடுத்து நீட்டினாலும் முழுங்காது என்று எனக்குத் தெரியும்.

அருள்மொழியின் முகத்தைப் பார்த்தேன். கிழித்தேன், போட்டேன் என்று சொன்னவளின் கண் எங்கும் நிற்கவில்லை. முழுசாக நம்பியவள் குப்பையில் போட்டிருப்பாள். இவள் போட்டிருக்க மாட்டாள். என் மகள் அவள். பயம் இல்லாமல் அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

எழுந்துபோய் அவள் வலது மணிக்கட்டைப் பிடித்தேன்.

“இன்னா பண்ற? வுடுப்பா.”

“நட.”

“வுடு, வலிக்குது.”

வலிக்கவில்லை. நான் அழுத்தவே இல்லை. நாடி மட்டும் என் விரலுக்கடியில் குதிரைபோல ஓடியது. சமையல்கட்டுப் பக்கம் நடத்தினேன். கை லேசாக வந்தது. பூஜை அலமாரி. லேசு. பிரிட்ஜ், துணி பீரோ. “பைத்தியமாப்பா உனக்கு?” என்று வாய் பேசிக்கொண்டே வந்தது. கை பேசாமல் வந்தது. படுக்கையறைக்குள் மேசையைத் தாண்டி ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

கனத்தது.

ஒரு அடி பின்னால் வந்தேன். லேசானது. முன்னால் வைத்தேன். கல்லைக் கட்டினதுபோல இழுத்தது. நாடி ஒருதரம் தவறி ஓடியது. அந்த மூலையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: அவள் திருத்தக் கொண்டுவந்த பரீட்சைப் பேப்பர் கட்டு. அதை வீட்டில் யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். அவள் மணிக்கட்டை விடாமலே இடது கையால் கட்டை அவிழ்த்தேன். மூன்றாவது அடுக்கில், பிள்ளைகள் எழுதின தாளுக்கு நடுவில், மாத்திரை அட்டையும் டாக்டர் சீட்டும் இருந்தன.

அருள்மொழி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“எப்படிப்பா? நான் யாருக்கும் சொல்லல. அனுவுக்கே தெரியாது.”

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். உன் கைதான் சொன்னது என்று. காலையில் பஸ்ஸில் சொன்னது இதுதான் என்று. அவள் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன். மண்டபத்தில் வாட்ச்சை எடுத்தபோது ஐநூறு பேர் கண்ணில் இருந்தது இப்போது அவள் கண்ணில் இருந்தது. அது என் பக்கம் திரும்பி நின்றது.

“உனக்கும் இருக்காப்பா?” என்று கேட்டாள்.

கூடத்தில் தட்டு விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

உண்மையைச் சொன்னால் அவள் யோசிப்பாள். யோசித்து, வாதாடி, அழுது முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் என்னிடம் இல்லை.

“இருக்கு” என்றேன்.

“நெசமாவா?”

“அவனுக்கு இல்லாதது எனக்கு இருக்கு. அதான் அவன் என்னத் தாண்டிப் போவ முடியல. இப்ப சொல்றேன் கேளு. இத உன் கையால எடுத்து, உன் வாயால சொல்லி, அவளுக்குக் குடு. அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. இல்லன்னா அவள நாம பாக்க மாட்டோம். எனக்குத் தெரியுது.”

அப்படிப்பட்ட ஒரு வார்த்தையை எந்த மனுஷனும் சொல்லக்கூடாது. சொன்னேன்.

அவள் ஓடினாள். “அனு, இதப் போட்டுக்கோம்மா, அம்மா சொல்றேன்” என்று வாயில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். அனு முழுங்கினாள். நான் தெருமுனைக்குப் போய் ஆட்டோ பிடித்துவந்தேன்.

மஞ்சக்குப்பம் போவதற்குள் ஆட்டோவிலேயே வந்துவிட்டது. பிள்ளை விறைத்து, கண் மேலே போய், வாயோரம் நுரை தள்ளியது. ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டேன். அருள்மொழி “அப்பா, நிறுத்துப்பா, நீ நிறுத்துப்பா” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். ஸ்ரீதரைக் கூப்பிடவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டாள். நான் என்னத்தை நிறுத்துவது? அந்தப் பிள்ளையின் தலை சீட்டில் இடிக்காமல் என் தொடையைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன்.

பெரியாஸ்பத்திரியில் உடனே எடுத்துக்கொண்டார்கள். ஊசி போட்டார்கள். இன்னொன்று வரப் பார்த்தது, அடங்கியது. அந்த லேடி டாக்டர் அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்து, “ஒன்பது நாள் நிறுத்தினீங்களா? படிச்சவங்கதானே நீங்க?” என்று கேட்டார். அருள்மொழி தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரம் தாண்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். அதை நான் சொல்லப் போவதில்லை.

“எங்கப்பா முன்னாடியே சொன்னாரு டாக்டர். அவருக்குத் தெரிஞ்சுது” என்றாள் அருள்மொழி. டாக்டர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. அனு பரீட்சை எழுதிவிட்டாள். தூங்கி வழிகிறாள், முடியும் கொட்டுகிறது. மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஸ்ரீதர் போனை இன்னும் எடுக்கவில்லை. விழுப்புரம் பக்கம் நிகழ்ச்சி நடத்துகிறானாம்.

அருள்மொழி சொல்லித் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ராமாமிர்தம், காணாமற்போன காதுத் தோட்டைக் கேட்டுக் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். “போம்மா, ஸ்டேஷன்ல போயி எழுதிக் குடு” என்று விரட்டிவிட்டேன். எதிர்வீட்டு ஞானாம்பாள் மகனின் வேலை விஷயமாக வந்தாள். அவளையும் விரட்டினேன். வெளி ஆளை விரட்ட முடிகிறது.

அருள்மொழியை முடியவில்லை. காலை எட்டரைக்கு ஒருதரம், ராத்திரி எட்டரைக்கு ஒருதரம், மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்று மணிக்கட்டை நீட்டுகிறாள். நான் பிடிக்க வேண்டும். கண்ணை மூட வேண்டும். “குடு” என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் அட்டையைப் பிரிக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எட்டு பத்துத் தரம் நினைத்தேன். சொன்னால் அட்டை திரும்பவும் எந்தக் கட்டுக்குள் போகும் என்று எனக்குத் தெரியாது.

நேற்று ராத்திரி கையைப் பிடித்தேன். பட்டுப்போல லேசாக வரும் கை, நேற்று கனத்தது. சாயங்காலம் ஒரு கல்யாணத் தரகர் அனுவைப் பெண்பார்க்கிற விஷயமாகப் போன் செய்திருந்தார், அது எனக்குத் தெரியும். அவள் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. வாய் ஒன்றும் சொல்லவில்லை. கை மட்டும் வேண்டாம், வேண்டாம் என்று என் விரலுக்கடியில் பின்வாங்கியது.

நான் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன். அனு தம்ளரில் தண்ணீரோடு காத்துக்கொண்டிருந்தாள்.

“குடு” என்றேன்.